கோவையை விடச் சிறிய நாடு விற்ற மின்சாரம்

அல்பேனியாவின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 28 லட்சம். அதே ஆண்டில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் மட்டும் 34 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். நம்முடைய ஒரு மாவட்டத்தை விடக் குறைந்த மக்களைக் கொண்ட அந்த நாடு 2009இல் தன் மின் விநியோக நிறுவனத்தை ஓர் அயல்நாட்டு நிறுவனத்துக்கு விற்றது. நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் உரிமத்தைப் பறித்துத் தானே திரும்ப எடுத்துக்கொண்டது. இந்தக் கதையை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. ஆனால் மின் கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் பல்லடம் கடைவீதியிலும் திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகங்களிலும் இரண்டே வாக்கியங்கள் கேட்கின்றன. ஒன்று, தனியாரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. மற்றொன்று, தனியாருக்குத் தாரை வார்க்காதே என்பது. நூற்பாலை அலுவலகத்தில் உயரழுத்த மின் இணைப்பின் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், இந்த இரண்டு வாக்கியங்களும் பெயர்ப்பலகையில் யார் பெயர் இருக்கிறது என்பதையே பார்க்கின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பணம் கட்டாதவரின் ஃபியூஸைப் பிடுங்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது, பிடுங்கிய பிறகு வரும் தொலைபேசி அழைப்பை யார் தாங்குவார் என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

அல்பேனியாவில் உற்பத்தியான மின்சாரம் அப்போது ஏறக்குறைய முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது. வடக்கே ஓடும் திரின் ஆற்றில் ஃபியெர்சா, கோமான், வௌ இ தெயெஸ் என அடுத்தடுத்து மூன்று பெரிய அணைகள், கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டவை. 1970இலேயே கடைசிக் கிராமம் வரை மின் இணைப்பு சென்றுவிட்டது என்பது அந்த ஆட்சி பெருமையோடு கொண்டாடிய செய்தி. 1991இல் ஆட்சி கவிழ்ந்தபின், அதுவரை விறகு எரித்துக் குளிர்காய்ந்த வீடுகள் மின் அடுப்புக்கும் மின் கணப்புக்கும் மாறின. தொழிற்சாலைகள் மூடிக் கிடக்க, வீட்டுப் பயன்பாடு ஏறிக்கொண்டே போனது. அரசின் மீது இருந்த பயம் போனபோது, மீட்டரின் மீது இருந்த பயமும் கூடவே போய்விட்டது. கொக்கி போடுவது அங்கே ஏழையின் தந்திரமாக மட்டும் இருக்கவில்லை. மாடி வீடுகளும் உணவகங்களும் அதையே செய்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் மணிக்கணக்கில் இருட்டு, குறிப்பாக 2007இல். விநியோகத்துக்கு அனுப்பிய மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கணக்கே இல்லை என்ற நிலையில்தான் விற்பனை என்ற யோசனை வந்தது.

இந்த மூன்றில் ஒரு பங்கு என்பதற்குள்ளும் அதையொட்டியும் என்ன இருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் தனியார்மயம் பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஓர் எண்ணின் மீதுதான் நிற்கிறது. கம்பியில் ஓடும்போது சூடாகி வீணாகும் மின்சாரம் ஒன்று. நீண்ட தாழ்வழுத்தக் கம்பியும் பழைய டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள இடத்தில் அது கூடும், பணம் போட்டால் குறையும். திருடப்படும் மின்சாரம் இன்னொன்று. அதைக் குறைக்கக் காவலர் வேண்டும், நீதிமன்றம் வேண்டும். மீட்டரில் பதிவாகி, பில்லும் போடப்பட்டு, பணம் மட்டும் வராத மின்சாரம் மூன்றாவது. இது அந்த மூன்றில் ஒரு பங்குக்கு வெளியே, வசூல் கணக்கில் வருவது. இந்த மூன்றாவது வகையில் பெரிய கைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைகளாகவே இருக்கும்: குடிநீர் வாரியம், மருத்துவமனை, நகராட்சி, அமைச்சகம். வாங்க வரும் நிறுவனம் முதல் வகையைத் தன் பொறியாளர்களைக் கொண்டு சரிசெய்துவிடலாம். மற்ற இரண்டையும் சரிசெய்ய, தனக்கு விற்ற அதே அரசின் தயவு அதற்கு வேண்டும். பேச்சில் மட்டும் இவையெல்லாம் ஒரே இழப்பாகச் சேர்த்துச் சொல்லப்படும்.

செக் நாட்டின் செஸ் நிறுவனம் 2009இல் அல்பேனிய விநியோக நிறுவனத்தின் 76 விழுக்காடு பங்குகளை 10.2 கோடி யூரோவுக்கு வாங்கியது. பல்கேரியாவிலும் ருமேனியாவிலும் ஏற்கெனவே இதுபோல வாங்கி நடத்திய அனுபவம் அதற்கு உண்டு. செஸ் நிறுவனமும் அரசுதான் பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர் அரசின் சொத்தை இன்னோர் அரசின் நிறுவனம் வாங்கியதைத்தான் உலகம் தனியார்மயம் என்று அழைத்தது. ஒழுங்குமுறை விதிகளை அரசு மீறினால் ஏற்படும் நட்டத்துக்கு ஈடாக உலக வங்கி ஒரு பகுதி உத்தரவாதமும் கொடுத்தது. உத்தரவாதம் இல்லாமல் வாங்கத் துணியாத சொத்து என்பதே அந்தப் பேரத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

ஒப்பந்தத்தின் கணக்கு எளிமையானது. இழப்பு ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அந்த அளவுக்கான இழப்பை மட்டுமே கட்டணத்தில் சேர்க்க ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கும். அதற்கு மேல் போகும் ஒவ்வோர் அலகும் நிறுவனத்தின் கைப்பணம். தாளில் இது அழகான ஏற்பாடு. திறமைக்குப் பரிசு, சோம்பலுக்குத் தண்டனை. நடந்தது வேறு. மீட்டர் மாற்றப் போன ஊழியருக்குப் பல ஊர்களில் கூட்டம் காத்திருந்தது, காவலர் வரவில்லை. அரசின் குடிநீர் நிறுவனங்கள் பணம் கட்டவில்லை. விநியோக நிறுவனம், தனக்கு மின்சாரம் விற்கும் அரசு உற்பத்திக் கழகத்துக்குப் பணம் பாக்கி வைத்தது. வறட்சி ஆண்டில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய மின்சாரத்தின் விலையை யார் ஏற்பது என்பதில் சண்டை. கடன் ஒரு வட்டமாகச் சுற்றி வர, வட்டத்தின் எந்தப் புள்ளியில் கைவைத்தாலும் அங்கே ஒரு அரசு அலுவலகம் இருந்தது. இழப்பு குறைவதற்குப் பதிலாக ஏறி, 2013 வாக்கில் 45 விழுக்காட்டை ஒட்டி நின்றது.

கடைசியில் அந்த நிறுவனம், எந்த மின் நிறுவனமும் கட்டாதவருக்குச் செய்வதைச் செய்தது: பாக்கி வைத்திருந்த குடிநீர் நிறுவனங்களின் இணைப்பைத் துண்டித்தது. ஊருக்குத் தண்ணீர் நின்றது. 2013 ஜனவரியில் ஆணையம் உரிமத்தை ரத்து செய்தது. நிறுவனம் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. 2014இல் ஏறக்குறைய 10 கோடி யூரோவைத் தவணைகளில் தருவதாக அல்பேனிய அரசு ஒப்புக்கொண்டது. வாங்கிய விலைக்கு நெருக்கமான தொகையைக் கொடுத்து, இன்னும் மோசமாகிப்போன அதே நிறுவனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று இதைச் சுருக்கமாகப் படிக்கலாம்.

வாங்கிய நிறுவனத்தை நான் உத்தமன் ஆக்கவில்லை. பழைய பாக்கிகளை வசூலிக்க வெளி நிறுவனம் ஒன்றை அது அமர்த்திய ஒப்பந்தம் பின்னர் பெரும் சர்ச்சையானது. இரு நாட்டு நாளேடுகளும் அதைப் பற்றி நிறைய எழுதின. முதலீடு செய்வதாகச் சொன்ன அளவுக்குச் செய்யவில்லை என்று அரசு குற்றம்சாட்டியது. இரு தரப்பிலும் குறை இருந்தது என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஒன்று, குறை எங்கே கனமாக இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

2013 செப்டம்பரில் எடி ராமா பிரதமரானார். மறு ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவருடைய அரசு மின் திருட்டுக்கு எதிராக நாடு தழுவிய நடவடிக்கையைத் தொடங்கியது. காவலர்கள் மின் ஊழியர்களோடு வீடு வீடாகப் போனார்கள். திருடியவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். பழைய பாக்கியைத் தவணையில் கட்ட வழி செய்யப்பட்டது. உலக வங்கி புதிய கடன் கொடுத்தது. சில ஆண்டுகளுக்குள் இழப்பு 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. அதே கம்பி, அதே மீட்டர், பெரும்பாலும் அதே ஊழியர்கள். செஸ் நிறுவனம் கேட்டபோது வராத காவலர், அரசு தன் பணத்தை வசூலிக்கப் போனபோது வந்தார். இந்த வசூல் வேட்டையில் ஏழைகளும் சிறைக்குப் போனார்கள், அது நியாயமா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. அந்தக் கேள்வியை நானும் ஒதுக்கிவிட மாட்டேன். ஆயினும், அரசுக்கு மனமிருந்தால் அரசு நிறுவனமே இழப்பைக் குறைத்துவிடும், மனமில்லாவிட்டால் எவருக்கு விற்றாலும் குறையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஜார்ஜியாவிலும் ஏறத்தாழ இதே ஆட்டம் சற்று முன்னதாகவே ஆடப்பட்டது. அதுவும் கோவை மாவட்ட அளவு மக்கள்தொகை கொண்ட நாடுதான். தலைநகர் திபிலிசியின் விநியோக நிறுவனமான தெலாசியின் 75 விழுக்காட்டை அமெரிக்காவின் ஏஈஎஸ் நிறுவனம் 1998 டிசம்பரில் வாங்கியது. சோவியத் காலத்தில் மின்சாரத்துக்குக் காசு என்ற எண்ணமே மங்கிப்போயிருந்த நகரத்தில் வீட்டுக்கு வீடு புதிய மீட்டர் மாட்டியது, கட்டாதவருக்குத் துண்டித்தது, மக்கள் தெருவில் இறங்கினார்கள். தெலாசிக்கு வர வேண்டிய மின்சாரம் வழியிலேயே செல்வாக்குள்ளவர்களுக்குத் திரும்பிப் போனது. நாட்டின் மிகப் பெரிய நீர்மின் நிலையமான எங்குரியின் அணை ஜார்ஜியாவின் பிடியிலும், மின் உற்பத்திக் கூடம் பிரிந்துபோன அப்காசியாவிலும் இருந்தது என்பது கூடுதல் சிக்கல். வாங்கக் கொடுத்த விலையைப் போல் பல மடங்கு இழந்து, 2003இல் ரஷ்யாவின் அரசு மின் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஏஈஎஸ் கிளம்பியது. அந்த ஆண்டின் இறுதியில் ஆட்சி மாறியது. புதிய அரசு லஞ்சத்தையும் பாக்கியையும் ஒருசேரப் பிடித்தபின் வசூல் ஏறியது, சில ஆண்டுகளில் இருட்டும் விலகியது. தலைநகருக்கு வெளியே, விற்காமல் நிர்வாகத்தை மட்டும் வெளியாரிடம் கொடுத்து, ஓர் ஊருக்கே பொது மீட்டர் வைத்து, ஊரார் சேர்ந்து கட்டாவிட்டால் ஊருக்கே மின்சாரம் இல்லை என்ற முறையில் வசூலித்தார்கள். அந்த முறையை நான் விரும்ப மாட்டேன். ஒழுங்காகக் கட்டிய கிழவிக்கும் சேர்த்து இருட்டைக் கொடுப்பது அது. ஆனால் வசூல் நடந்தது.

இதே ஏஈஎஸ் நிறுவனம் 1999இல் ஒடிசாவிலும் ஒரு மண்டலத்தின் விநியோகத்தை எடுத்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இந்தியாவில் விநியோகம் முதன்முதலில் தனியாருக்குப் போன மாநிலம் அது. எடுத்த சில வாரங்களிலேயே பெரும்புயல் வந்து கம்பங்களைச் சாய்த்தது, வசூலும் சாய்ந்தது, 2001இல் நிறுவனம் போய்விட்டது. மற்ற மூன்று மண்டலங்களை நடத்திய நிறுவனத்தின் உரிமத்தை ஆணையம் 2015இல் ரத்து செய்தது. பிறகு அவை எல்லாம் வேறொரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய், அரசும் அதில் 49 விழுக்காடு வைத்துக்கொண்டது. ஒடிசா பெரிய நாட்டுக்குள் இருக்கும் மாநிலம் என்பதால் இருபது ஆண்டுத் தடுமாற்றத்தைத் தாங்க முடிந்தது. பின்னால் மத்திய அரசு, தேசிய மின் தொகுப்பு, உள்நாட்டு வங்கிகள் இருந்தன.

சிறிய நாட்டுக்கு அந்த மெத்தை இல்லை. விநியோகம் ஒன்றே ஒன்று, அதை வாங்க வருபவரும் பெரும்பாலும் ஒருவரே. ஏலம் என்று பெயர், எதிரே ஆளில்லை. மின்சாரம் ஒரே ஆற்றிலிருந்து வந்தால் ஒரு வறட்சி முழு ஒப்பந்தத்தையும் கவிழ்த்துவிடும். விற்பவர், மிகப் பெரிய பாக்கி வைத்திருப்பவர், மின்சாரம் விற்கும் உற்பத்தியாளர், விலையை நிர்ணயிக்கும் ஆணையத்தை நியமிப்பவர், இந்த நால்வரும் ஒரே அமைச்சரவை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஆணையம் தன்னாட்சி உடையது என்று சட்டத்தில் எழுதுவதால் அது தன்னாட்சி பெற்றுவிடாது.

இதைக் கொங்கு நாட்டில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன் என்றால், மின்சாரத்துக்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற கேள்விக்கு இங்கே இரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து இறங்கிய மின்சாரம்தான் கோவையை ஆலை நகரமாக்கியது. கிணற்றில் மோட்டார் வைத்தவுடன் மேட்டாங்காடும் பாசனத் தோட்டமாயிற்று. அந்த மோட்டாருக்கான கட்டணத்தை யூனிட்டுக்குச் சில காசுகள் உயர்த்தியதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் விவசாயிகள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகள் நிறைத்தன. இந்த வரலாற்றின் விளைவுதான் 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் வந்த இலவச மின்சாரம். அதைத் தவறென்று சொல்ல எனக்கு நாவு எழாது. ஆனால் அதன் உடன்விளைவாக, மோட்டார் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லாமல் போயிற்று. பம்புசெட்டுக்கு எவ்வளவு போகிறது என்பது மதிப்பீடுதான். ஆகவே மீதியில் எவ்வளவு வழியில் வீணாகிறது என்பதும் மதிப்பீடுதான். நாளை யாரேனும் விலைக்குக் கேட்டு வந்தால், அல்பேனியாவில் விற்றதைப் போலவே நாமும் ஒரு யூகத்தைத்தான் விற்போம்.

தொழில் செய்வோரின் ஆத்திரத்திலும் நியாயம் உண்டு. 2012 வாக்கில் இந்தப் பகுதி பார்த்த மின்வெட்டை டீசல் ஜெனரேட்டர் புகையோடு நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் உயரழுத்த இணைப்பின் டிமாண்ட் சார்ஜ், அதாவது ஒதுக்கிய மின்திறனுக்கான மாதக் கட்டணம், கேவிஏ என்ற திறன் அலகுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயானது. ஆர்டர் இல்லாமல் தறியும் கதிரும் நின்ற மாதத்திலும் அது கட்டாயம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் குறைத்துக் கொடுப்பதன் சுமையில் ஒரு பங்கு ஃபவுண்டரியின் மீதும் மில்லின் மீதும் வைக்கப்படுகிறது. ஆகவே தனியார் வந்தால் தன் யூனிட் விலை குறையும் என்று ஒரு மில் முதலாளி கணக்குப் போடுவதில் வியப்பில்லை. அவர் கணக்கு அவருக்குச் சரியாகவும் வரலாம். 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான மின்சாரத் திருத்த மசோதா ஒரே பகுதியில் பல விநியோக நிறுவனங்களுக்கு வழிவிடுவதாக இருந்தது. அப்படி நடந்தால் வருபவர்கள் முதலில் கதவைத் தட்டுவது கணபதி, பீளமேடு தொழிற்கூடங்களையே அன்றி, காங்கேயத்துக்குத் தெற்கே தோட்டத்துக்கு ஒரு சாளையாகச் சிதறிக் கிடக்கும் வீடுகளை அல்ல. நாலு கம்பம் நட்டு ஒரு வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வேலை அரசிடமே நிற்கும், அதற்குப் பணம் தந்துகொண்டிருந்த வாடிக்கையாளர் மட்டும் போய்விடுவார். ஆலைகள் தம் சொந்தக் காற்றாலை மூலம் ஏற்கெனவே பாதி வெளியேறிவிட்டன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று இந்த விவாதத்தில் பேசாத ஒரு தரப்பு.

எங்கள் ஆலையில் ஓய்வு பெறும் வரை மின் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவரிடம் அல்பேனியக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, அந்தத் தண்ணி ஆபீஸ்காரன் கரண்ட்டுக்குப் பணம் கட்டியிருந்தா விக்கறதுக்கே அவசியம் வந்திருக்காதுங்களே" என்றார். உள்ளாட்சிகளின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் உள்ள பாக்கி நம் மாநிலத்திலும் அவ்வப்போது செய்தியாவதுண்டு. ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய கடனோடு நிற்கும் விநியோகத்தைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் அந்தப் பாக்கியில் கைவைத்துக் காட்டலாம். அதற்கு எந்த விற்பனையும் தேவையில்லை.

நன்றாக நடந்த ஒரு தனியார் ஒப்பந்தமும் முடிவில் என்ன ஆகிறது என்பதற்கு உகாண்டா இருக்கிறது. அது சிறிய நாடு அல்ல, ஆனால் படிக்க வேண்டிய நாடு. 2005இல் இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் விநியோகத்தை எடுத்த உமேமே நிறுவனம், 38 விழுக்காட்டை ஒட்டி இருந்த இழப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. இணைப்புகள் பல மடங்காகின. அப்படியிருந்தும் கட்டணம் அதிகம், லாபத்துக்கு ஒப்பந்தத்தில் கொடுத்த உறுதி அதிகம் என்ற அதிருப்தி தீரவில்லை. 2025 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் அரசு நிறுவனமே திரும்ப எடுத்துக்கொண்டது. மீட்காத முதலீட்டுக்காக அரசு ஏறத்தாழ 11.8 கோடி டாலர் கொடுத்தது, நிறுவனம் அதைவிட மிக அதிகம் கேட்டது, வழக்கு நடுவர் மன்றத்துக்குச் சென்றது. கம்பத்துக்கும் கம்பிக்கும் தேய்மானம் போக என்ன மதிப்பு என்பதில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒத்துப்போவது கடினம்.

கம்பத்தின் மதிப்பு என்று வரும்போது கொங்கு நாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அதை எந்த மதிப்பீட்டாளரும் எழுதுவதில்லை. இங்கே தோட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு கம்பமும் யாரோ ஒருவரின் நிலத்தில் நிற்கிறது. ஊருக்கு வெளிச்சம் வரட்டும் என்று வாடகை இல்லாமல் விட்ட இடம் அது. பல கம்பங்களை நட்ட செலவையும் இணைப்பு கேட்ட விவசாயியே கட்டியிருக்கிறார். சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு 800 கிலோவோல்ட் பெருவழித்தடம் வந்தபோதும், அங்கிருந்து கிளைத் தடங்கள் பிரிந்தபோதும், அது அரசு நிறுவனத்தின் திட்டம் என்றிருந்தும், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தோடு வந்தும், திருப்பூர், ஈரோடு மாவட்ட விவசாயிகள் உயர்மின் கோபுரத்தின் கீழே உட்கார்ந்து மறித்தார்கள். தென்னைக்கும் நிலத்துக்கும் என்ன இழப்பீடு, மாத வாடகை உண்டா என்ற அவர்களுடைய கேள்விகள் இன்னும் முழுதாகத் தீரவில்லை. விநியோகம் ஒரு நிறுவனத்தின் லாபச் சொத்தாகிவிட்டால், இதுவரை கேட்காமல் விட்ட சின்னக் கம்பத்துக்கும் வரப்பில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதே வாடகைக் கேள்வி வரும். கேட்பவர்களைத் தடுக்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.